தினமும் ஓட்டும் ஆஃப்-ரோடு வண்டிக்குப் பெரிய டயரும் அப்கிரேடும்: எந்த வரிசையில் செய்வது?

பெரிய டயர் போட நினைப்பவர்களில் பலர் முதலில் டயரை வாங்கிவிடுகிறார்கள். அது மட்கார்டில் உரசுகிறது, அதற்காக லிஃப்ட் போட்டு, சஸ்பென்ஷன் வழியாக வண்டியின் உடம்பை உயர்த்துகிறார்கள். லிஃப்ட் போட்டதும் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைகிறது, அதற்காக அலைன்மென்டுக்கு ஓடுகிறார்கள். அப்புறம் பிக்கப் போதவில்லை என்று கியர் ரேஷியோ பக்கம் போகிறார்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவது மாதிரி இது நீண்டுகொண்டே போகும்.

வார நாட்களில் வேலைக்குப் போய்வந்து, அவ்வப்போது சேறு, மணல், பாறை என்று இறங்கும் வண்டிக்கானது இந்த வழிகாட்டி. அந்த வண்டியின் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலையில்தான். ஆகவே நீங்கள் தேட வேண்டியது, உங்கள் சிக்கலைத் தீர்க்கக்கூடிய டயர்களில் மிகச் சிறியதை.

1. வண்டி எங்கே, எதனால் நின்றது என்று எழுதுங்கள்

இதுவரை மாட்டிக்கொண்ட இடங்களை நினைத்துப் பாருங்கள். அடி தட்டி நின்றதா? வீல் சுற்றி, பிடிமானம் இல்லாமல் நின்றதா? கல் குத்தி சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், கிழிந்ததா? மூன்றும் வேறு வேறு சிக்கல்கள், மருந்தும் வேறு வேறு.

அடி தட்டினால் உயரம் தேவை. வீல் சுற்றினால் பட்டன் (டயர் தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்), காற்றழுத்தம், டிஃபரன்ஷியல் லாக் (ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்ந்தே சுற்றவைக்கும் பூட்டு) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும், உயரம் உதவாது. சைடுவால் கிழிந்தால் கனமான கட்டுமானம் உள்ள டயர் போதும், அளவை மாற்றவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இப்போதுள்ள டயரிலேயே காற்றை இறக்கி அதே மாதிரி இடத்தில் ஓட்டிப் பாருங்கள். நடுத்தர எடையுள்ள வண்டிக்குச் சரளைச் சாலையில் 26 முதல் 28 பிஎஸ்ஐ, பாறையிலும் சேற்றிலும் 20 முதல் 22, இளமணலில் 16 முதல் 18 என்று ஆரம்பிக்கலாம். காற்று குறைந்தால் டயர் தரையில் நீளவாக்கில் படர்ந்து, எடை பரவி, புதைவது குறையும். அந்த அழுத்தத்தில் வேகமும் குறைவாக இருக்க வேண்டும். 15-க்குக் கீழே போய் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். பெரிய டயர் தேவை என்று வந்த பலருக்கு ஒரு நல்ல அழுத்தமானியும் கையடக்க கம்ப்ரஸரும் போதுமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2. எடை போடுங்கள்

இதை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். டேங்க் நிரப்பி, வழக்கமாக ஏறும் ஆட்களையும் சாமானையும் ஏற்றி, எடைமேடையில் வண்டியை நிறுத்துங்கள். முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டயர் அளவு, காற்றழுத்தம், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, அச்சுவாரி எடை ஆகியவை அந்தத் தகட்டிலோ பக்கத்திலோ இருக்கும். மொத்த வரம்பிலிருந்து நீங்கள் போட்ட எடையைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். ஸ்டீல் முன் பம்பரும், மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும் சேர்ந்தாலே 100 கிலோ பக்கம் வந்துவிடும். மிச்சம் இருப்பதே அவ்வளவுதான் என்றால் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடலாம். ஸ்பிரிங் தேர்வுக்கும் டயரின் சுமைக் குறியீட்டுக்கும் இந்த எண்கள் திரும்பவும் வேண்டும், தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அளவு மாற்றத்துக்கும் லிஃப்டுக்கும் உங்கள் ஊர்ச் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும், காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொள்ளுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

3. விட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

265/70 ஆர் 17 என்றால் டயரின் அகலம் 265 மி.மீ. சைடுவால் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. மேலும் கீழும் சைடுவால் உண்டு என்பதால் மொத்த விட்டம் 431.8 + 371 = 802.8 மி.மீ.

இதையே 285/70 ஆர் 17 ஆக மாற்றினால் விட்டம் 830.8 மி.மீ. வித்தியாசம் 28 மி.மீ. வண்டி உயர்வதோ அதில் பாதி, 14 மி.மீ. மட்டும்தான். புதியவர்கள் ஏமாறும் இடம் இது. ‘ஒரு அங்குலம் பெரிய டயர்’ என்று கேட்டதும் வண்டி ஒரு அங்குலம் உயரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எதற்குப் பெரிய டயர்? திட அச்சு (இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கட்டை) உள்ள வண்டியில், அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையைத் தரையிலிருந்து தூக்குவது டயர் ஒன்றுதான். லிஃப்ட் உடம்பைத் தூக்கும், அச்சை அங்கேயே விட்டுவிடும். உங்கள் வண்டியில் தட்டுவது டிஃபரன்ஷியல் என்றால் 14 மி.மீ. மதிப்புள்ளதுதான். தட்டுவது நடு வயிறு என்றால் அந்த 14-ஐ நம்ப வேண்டாம்.

4. எவ்வளவு பெரிதாக்கலாம் என்று வரம்பு வையுங்கள்

மேலே உள்ள மாற்றம் 3.5 சதவீதம். தினசரி வண்டிக்கு நான் போடும் கோடு ஏறக்குறைய அங்கேதான். அதற்குள் இருந்தால் கியர், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றைப் பெரும்பாலும் தொடாமல் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் டயர் வேலை வண்டியை மறுபடி கட்டும் வேலையாகிவிடும்.

ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது சக்கரக் கணக்கில் உண்மையான வேகம் 103.5 ஆகும். கம்பெனி மீட்டர்கள் பொதுவாக உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்படி அமைக்கப்படுகின்றன, அதனால் சில வண்டிகளில் பெரிய டயர் போட்டதும் மீட்டர் சரியாகிவிடுவதும் உண்டு. ஊகிக்காமல் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓடோமீட்டரும் இதேபோல் குறைவாக எண்ணும். அது 400 கி.மீ. காட்டினால் நீங்கள் ஓடியது 414. ‘டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது’ என்று புலம்புவதற்கு முன் இந்த 3.5 சதவீதத்தைத் திருப்பிச் சேர்த்துப் பாருங்கள். மைலேஜ் நிஜமாகவும் குறையும்தான், ஆனால் புலம்பும் அளவுக்கு இல்லாமல் போகலாம்.

கியர் கணக்கும் இதே விகிதத்தில் மாறும். அச்சில் உள்ள கடைசிக் கியர் ரேஷியோ 3.9 ஆக உள்ள வண்டி, 3.77 போட்ட மாதிரி நடந்துகொள்ளும். சாமான் ஏற்றி மேடேறும்போது ஆட்டோமேட்டிக் வண்டி கியரை மாற்றி மாற்றித் தேடும். இன்னும் பெரிய டயர் என்றால் அச்சுக்குள் உள்ள கியர்களான கிரவுன் வீல், பினியன் இரண்டையும் மாற்றி ரேஷியோவை மீட்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தே ஆக வேண்டும், ஆகவே இரண்டு அச்சுக்கும் செலவு.

5. டயரின் வகையையும் கட்டுமானத்தையும் முடிவு செய்யுங்கள்

அளவுக்கு அப்புறம்தான் பட்டன். வரிசை மாறினால் கண்ணுக்கு அழகான பட்டனைப் பார்த்து, அது கிடைக்கும் அளவை வாங்கிவிடுவோம்.

எம்டி (மட் டெரெய்ன், சேற்றுக்கானது) வகை சேற்றில் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், கூரான பாறையில் தாக்குப்பிடிக்கும். ஆனால் இடைவெளி அதிகம் என்பதால் தார்ச்சாலையில் படும் ரப்பர் குறைவு. நனைந்த சாலையில் பிரேக் தூரம் கூடும், தேயத் தேய இரைச்சலும் கூடும். தினமும் அலுவலகம் போகும் வண்டிக்கு ஏடி (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்குமானது) வகையே என் தேர்வு. ஏடியில் மாட்டிக்கொள்ளும் சேற்றில் வருடத்துக்கு எத்தனை நாள் இறங்குகிறீர்கள் என்று மனசாட்சியோடு எண்ணிப் பாருங்கள்.

கட்டுமானம் இதைவிட முக்கியம், ஆனால் பேசப்படுவது குறைவு. ஒரே அளவு டயர், பயணிகள் வண்டிக் கட்டுமானத்திலும் கிடைக்கும், இலகு டிரக்குக்கான எல்டி கட்டுமானத்திலும் கிடைக்கும். எல்டியின் சைடுவால் தடிமன், கிழிவது கடினம். கம்பெனி டயரோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றும் சில கிலோ கூடும், நான்கு மூலையிலும் சுழலும் எடை அது. பிக்கப், பிரேக், பள்ளத்தில் இறங்கும்போது வரும் அதிர்வு மூன்றிலும் தெரியும்.

சைடுவாலில் 121/118 என்று சுமைக் குறியீடு போட்டிருந்தால், முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு. 121 என்றால் 1450 கிலோ, 112 என்றால் 1120 கிலோ. பக்கத்தில் இருக்கும் எழுத்து வேக வரம்பு: க்யூ 160 கி.மீ., எஸ் 180, டி 190. கம்பெனி சொன்ன சுமை, வேகக் குறியீட்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. எல்டி டயரில் எழுதியிருக்கும் சுமை, அதன் உச்சக் காற்றழுத்தத்தில் மட்டுமே கிடைக்கும். பத்து பிளை தரமுள்ள டயருக்கு அது வழக்கமாக 80 பிஎஸ்ஐ. கதவுத் தகட்டில் உள்ள 32 பிஎஸ்ஐ-யை அப்படியே எல்டி டயருக்கும் பிடித்தால், பழைய டயர் தாங்கிய சுமையைப் புதியது தாங்காது, சூடாகும். தயாரிப்பாளரின் சுமை-அழுத்த அட்டவணையை எடுத்து, இரண்டாவது படியில் எழுதிய அச்சு எடையைப் பாதியாக்கி, அதற்குரிய அழுத்தத்தைப் பாருங்கள். அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். அதற்காக 80 பிடித்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம், நடுப்பட்டன் மட்டும் தேயும்.

6. இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளங்கள்

சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடியுங்கள். டயரின் தோளுக்கும் முன் பம்பருக்கும், பின்னால் உள்ள மட்கார்டு உறைக்கும், உள்ளே சஸ்பென்ஷனின் மேல் கைக்கும் ஸ்டெபிலைசர் கம்பிக்கும் இடையில் மிகக் குறைந்த இடைவெளியை அளந்து எழுதுங்கள். மறுபக்கம் ஒடித்து, அப்புறம் அடுத்த சக்கரத்துக்கும் அதையே செய்யுங்கள். இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

நம் உதாரணத்தில் புது டயர் முன்னும் பின்னும் 14 மி.மீ., பழைய ரிம்மே இருந்தால் இரண்டு பக்கமும் 10 மி.மீ. கூடுகிறது. அதைக் கழித்த பிறகு மிச்சம் ஒரு விரல் அகலம்கூட இல்லை என்றால், சஸ்பென்ஷன் அமுங்கும்போது உரசும்.

நின்ற நிலை அளவு மட்டும் போதாது. ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, அது மட்கார்டுக்குள் நன்றாக அமுங்கிய நிலையில், வெளியே ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடியுங்கள். ரிவர்ஸில் ஒடிக்கும்போதும் பாருங்கள், பல வண்டிகள் அப்போதுதான் உரசும். மட்கார்டு உறையின் பின்புறக் கீழ் மூலையில் பிளாஸ்டிக் ஏற்கெனவே பளபளவென்று தேய்ந்திருந்தால், கம்பெனி டயரே அங்கே தொடுகிறது என்று பொருள். அந்த உறைக்குப் பின்னால் உடம்பையும் சேஸியையும் இணைக்கும் மவுன்ட் இருக்கும். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வளைக்கலாம், கிளிப்பை நகர்த்தலாம். மவுன்டில் இடிக்கிறது என்றால் வெட்டி வெல்டு வைக்கும் வேலை, தினசரி வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு அளவு கீழே இறங்குங்கள்: 275/70 ஆர் 17-இன் விட்டம் 816.8 மி.மீ., வெறும் 1.7 சதவீதம்தான் கூடும்.

ஸ்டெப்னி வைக்கும் இடத்தையும் அளங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் வகையில் ஒரு அங்குலம் இடிப்பதும், பின்கதவில் தொங்கும் வகையில் கூடுதல் எடையால் கீல் தளர்வதும் பொதுவாக நடப்பவை. ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். சுற்றளவு வேறான ஒரு சக்கரத்தோடு நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் கியர்பெட்டிக்கும் டிஃபரன்ஷியலுக்கும் தேவையில்லாத முறுக்கம் ஏறும். ஐந்து டயருக்குக் கணக்குப் போடுங்கள்.

7. ரிம் மாற்றியே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கம்பெனி ரிம்மின் அகலம் புது டயருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாற்றுவதானால் போல்ட் வட்டம், நடு ஓட்டை, ஆஃப்செட், சுமைத்திறன் நான்கும் பொருந்த வேண்டும். தடுமாற்றம் ஆஃப்செட்டில்தான், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதில். +30 இருந்த இடத்தில் 0 போட்டால் சக்கரம் 30 மி.மீ. வெளியே வரும். டயரும் 20 மி.மீ. அகலமானால் வெளி விளிம்பு 40 மி.மீ. தள்ளி நிற்கும். உள்ளே இடம் தாராளமாகத் தெரியும், ஆனால் ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் போட்டு, ஆறாம் படியில் தப்பித்த அந்த மவுன்டிலேயே போய் இடிக்கும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும், மட்கார்டைத் தாண்டிச் சேறு தெறிக்கும்.

நட்டையும் கவனியுங்கள். சில கம்பெனி அலாய் ரிம்களுக்குத் தட்டையான வாஷர் வைத்த நட்டு, வெளியில் வாங்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டு. மாற்றிப் போட்டால் முடுக்கியது போலவே இருக்கும், ஓட ஓடத் தளரும். ஸ்டெப்னி பழைய ரிம்மிலேயே இருந்தால் அதற்குரிய நட்டுகளை வண்டியிலேயே வைத்திருங்கள்.

8. லிஃப்ட் தேவை என்றால், சுமையைப் பார்த்துப் போடுங்கள்

உரசலுக்கு லிஃப்ட் முழு மருந்து ஆகாது. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டயர் முன்பு போய் நின்ற இடத்துக்குத்தான் போகும், தடுப்பு ரப்பரையும் சேர்த்து மாற்றினால் ஒழிய. நடு வயிறு தட்டுகிறவர்களுக்கும், நிரந்தரச் சுமை கூடிய வண்டிகளுக்கும்தான் லிஃப்ட் அர்த்தமுள்ளது.

தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் 40 முதல் 50 மி.மீ.-க்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் டிரைவ் ஷாஃப்ட் மூட்டின் கோணம் கூடி, ரப்பர் உறை கிழியும், மூட்டு தேயும். காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைவதால்தான் ஸ்டீயரிங் அலைகிறது, அலைன்மென்டில் அதை மீட்க முடியாவிட்டால் மாற்று மேல் கை தேவைப்படும். திட முன் அச்சு என்றால், அச்சையும் சேஸியையும் குறுக்கே இணைக்கும் பான்ஹார்டு கம்பி அச்சை ஒரு பக்கமாக இழுத்துவிடும், நீளம் மாற்றக்கூடிய கம்பி வேண்டும்.

ஸ்பிரிங்கை எடைச்சீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ‘பின்னாளில் வின்ச் போடுவேன்’ என்று இன்றே கனத்த ஸ்பிரிங் போட்டால், வின்ச் வரும்வரை வேகத்தடையில் பல் ஆடும். ஸ்பிரிங்குக்கு மேல் துண்டு வைத்து உயர்த்துவது மலிவு, ஆனால் சக்கரம் கீழே இறங்கும் தூரத்தை அது தின்றுவிடும்.

லிஃப்டுக்குப் பிறகு மறந்துபோகிறவை சில. ஹெட்லைட்டைக் கீழே இறக்கிச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் எதிரே வருகிறவர் கண் கூசும். சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். சில வண்டிகளில் பின் அச்சோடு இணைந்த ஒரு நெம்புகோல், சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அளவைத் தீர்மானிக்கும். பின்பக்கத்தைத் தூக்கியதும் அது வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும், அதையும் சரிசெய்ய வேண்டும். முன் கேமராவோ ரேடாரோ உள்ள வண்டி என்றால் அதற்கும் மறு அளவீடு தேவைப்படலாம்.

9. மற்ற அப்கிரேடுகள்: என் வரிசை

முதலில் முன்னும் பின்னும் தரச் சான்றுள்ள இழுவைக் கொக்கி. ஏற்றிச் செல்லும்போது கட்டும் வளையத்தையும் டிரெய்லர் மாட்டும் உருண்டையையும் மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கப் பயன்படுத்தக் கூடாது. உருண்டை உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும், உயிர்கள் போயிருக்கின்றன.

அடுத்து, தட்டுகிற இடத்துக்கு அடிக்கவசம். பாறையில் போகிறவர்களுக்குப் பக்கச் சட்டத்தைக் காக்கும் ஸ்லைடர். அப்புறம் பின் டிஃபரன்ஷியல் லாக். வீல் சுற்றுவதால் நிற்கும் வண்டிக்கு, இரண்டு அங்குல லிஃப்டைவிட இது அதிகம் செய்யும்.

தண்ணீரில் இறங்குகிறவர்கள், இன்ஜினுக்கு மேலிருந்து காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய் போடுவதற்கு முன்பே டிஃபரன்ஷியலின் மூச்சுக் குழாயை மேலே நீட்டிவிடுங்கள். சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளே உள்ள காற்று சுருங்கி, கிடைத்த வழியில் தண்ணீரை உறிஞ்சும். ஒரு துண்டு ரப்பர் குழாயில் தீரும் வேலை.

வின்ச் கடைசியில். வண்டியின் முழுச் சுமை எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும். தனியாகப் போகாதவருக்கு நல்ல இழுவைக் கயிறும் கூட வரும் இன்னொரு வண்டியும் போதும்.

10. மாட்டும் நாளும் அதன் பிறகும்

டயரை வாங்கும்போது சைடுவாலில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்தும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருக்கட்டும்.

நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முழுதாக முடுக்க விடாதீர்கள். கையால் உட்காரவைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள், புது ரிம் என்றால் கட்டாயம். டயர், லிஃப்ட் எல்லாம் முடிந்த பிறகே அலைன்மென்ட், நடுவில் செய்தால் இரண்டு முறை காசு கொடுப்பீர்கள்.

முதல் வாரத்தில் காலியான சாலையில் சில முறை அழுத்திப் பிரேக் பிடித்து, நிற்கும் தூரத்தைப் பழகிக்கொள்ளுங்கள். மட்கார்டு உறையில் புதிதாகப் பளபளப்பு வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

காற்றழுத்தம் சரிதானா என்று அறிய, காலையில் குளிர்ந்த டயரில் ஒரு முறை, ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டியதும் ஒரு முறை அளங்கள். எல்டி டயரில் 6 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறினால் சரி. அதைவிட அதிகம் ஏறினால் டயர் அதிகமாக மடங்கிச் சூடாகிறது, காலையில் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பிடியுங்கள். குறைவாக ஏறினால் சற்று இறக்கலாம். 8000 முதல் 10000 கி.மீ.-க்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் இடம் மாற்றுங்கள். ஸ்டெப்னி வேறு வகை ரிம்மில் இருந்தால் மட்டும் நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.